கயிற்றின் மேல் சொன்ன காதல்: ‘தி கிங் அண்ட் தி கிளவுன்’ – ஒரு நிகழ்வு ஆய்வு

2005 டிசம்பர் 29 அன்று தென் கொரியாவில் ‘வாங்ஙே நம்ஜா’ என்றொரு படம் வெளியானது. ‘அரசனின் ஆண்’ என்று அர்த்தம். வெளிநாடுகளில் ‘தி கிங் அண்ட் தி கிளவுன்’ என்ற பெயரில் போனது. 500 வருடத்துக்கு முந்தைய கதை, தெருவில் கூத்தாடிப் பிழைக்கும் இரண்டு ஆண்கள், அவர்களுக்கு நடுவில் வந்து நிற்கும் ஒரு கொடூரமான அரசன், இவ்வளவுதான் சரக்கு. பேரைச் சொன்னால் கூட்டம் வரும் நட்சத்திரம் யாரும் இல்லை. செலவு 400 கோடி வொன் அளவில். அதற்கு இரண்டு வாரம் முன்னால் வந்த ‘டைஃபூன்’ படத்துக்கு அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல் கொட்டியிருந்தார்கள், ஹாலிவுட்டின் ‘கிங் காங்’ வேறு அப்போது ஓடிக்கொண்டிருந்தது.

பிப்ரவரியில் இந்தச் சின்னப் படம் ஒரு கோடி டிக்கெட்டைத் தாண்டியது. மார்ச் முதல் வாரத்தில் கொரிய சினிமாவின் அதுவரையிலான சாதனையை உடைத்தது. கடைசிக் கணக்கு 1 கோடியே 23 லட்சம் டிக்கெட். அப்போது அந்த நாட்டின் மொத்த மக்கள்தொகையே சுமார் 4.8 கோடிதான்.

இதில் என்ன ஆச்சரியம் என்று கேட்பவர்கள் அந்தக் காலத்துக் கொரியாவைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். 2000ஆம் ஆண்டு ஹோங் சோக் சோன் என்ற தொலைக்காட்சி நடிகர் தான் ஒரு தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்னார். குழந்தைகள் நிகழ்ச்சியிலிருந்து அவரைத் தூக்கினார்கள், வேலை நின்றுபோனது. 2004 ஏப்ரல் வரைக்கும் இளையோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இருந்த விதிகளில், பிள்ளைகளுக்குக் கேடு செய்யும் விஷயங்களின் பட்டியலில் தன்பாலீர்ப்பும் இருந்தது. அரசின் மனித உரிமை ஆணையம் சொன்ன பிறகுதான் எடுத்தார்கள். அப்படி எடுத்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, ஒரு ஆணுக்காக இன்னொரு ஆண் கண்ணை இழக்கிற கதைக்கு அப்பா அம்மா பாட்டி பேரன் என்று குடும்பத்தோடு வரிசையில் நின்றார்கள்.

எப்படி நடந்தது இது? வழக்கமாகச் சொல்லப்படும் பதில், படம் அந்தக் காதலை மறைத்துவிட்டது, அதனால் தப்பித்தது என்பது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. படம் மறைக்கவில்லை என்பதுதான் பலமுறை பார்த்த பிறகு நான் வந்து சேர்ந்த இடம். காதலைச் சொல்கிற வேலையை அது வசனத்திடம் கொடுக்காமல் தொழிலிடம் கொடுத்தது. இவர்கள் இரண்டு பேரும் நடிகர்கள், வேஷத்தில் இருக்கும்போது மட்டும்தான் உண்மையைப் பேசுவார்கள். அப்படி வைத்ததால் படத்துக்கு என்ன கிடைத்தது, என்ன போனது என்று பார்க்கலாம்.

ஏட்டில் ஒரு குறிப்பு

படத்தின் இரண்டு கூத்தாடிகளில் ஒருவனான கோங்கில் கற்பனைப் பாத்திரம் இல்லை. அப்போது கொரியாவை ஆண்ட ஜோசான் வம்சத்து அரசவையின் அன்றாடக் குறிப்புகளில், படத்தில் வரும் அதே கொடூர அரசன் யோன்சானின் 11ஆம் ஆட்சியாண்டு (1505), 12ஆம் மாதம் 29ஆம் தேதியில் அவன் பெயர் இருக்கிறது. சந்திரக் கணக்கு என்பதால் நம் நாட்காட்டிக்கு அது அடுத்த ஆண்டு ஜனவரியில் போய் விழும். ஆனாலும் 12ஆம் மாதம் 29 என்ற எண்ணும் படம் வெளியான தேதியும் ஒத்துப்போவது மனதில் ஒட்டிக்கொள்கிறது. கூத்தாடி கோங்கில் ஒரு கிழப் பண்டிதர் வேஷம் கட்டிக்கொண்டு அரசன் முன்னால் ஆடினான் என்கிறது குறிப்பு. அரசரே, நீங்கள் பழஞ்சீனத்து யாவ், ஷுன் போன்ற உத்தம அரசர், நான் கவோ யாவ் போன்ற உத்தம அமைச்சன். உத்தம அரசர்கள் எப்போதும் கிடைப்பதில்லை, உத்தம அமைச்சன் எப்போதும் இருக்கிறான் என்றிருக்கிறான். அதோடு நிறுத்தவில்லை. அரசன் அரசனாக இல்லை, அமைச்சன் அமைச்சனாக இல்லை, தகப்பன் தகப்பனாக இல்லை, மகன் மகனாக இல்லை என்றால் சோறு இருந்தும் நான் எப்படித் தின்பேன் என்ற கன்பூசியஸ் வாசகத்தையும் எடுத்து விட்டிருக்கிறான். அரசனுக்குக் கோபம் வந்து, அடித்து ஊரைவிட்டுத் துரத்தினார்கள்.

அவ்வளவுதான் அவனைப் பற்றி இருப்பது. எந்த ஊர், எத்தனை வயது, கூட யார் ஆடினார்கள், எதுவும் இல்லை. ஆனால் யாரிடம் இதைச் சொன்னான் என்று பாருங்கள். யோன்சானின் தாய் அரசி பதவி பறிக்கப்பட்டு 1482இல் விஷம் கொடுத்துக் கொல்லப்பட்டவள். பிள்ளை வளர்ந்து அரசனாகி, 1504இல் அதற்குப் பழிதீர்க்கிறேன் என்று தன் தகப்பனின் ஆசைநாயகிகளில் தொடங்கி அமைச்சர்கள், பண்டிதர்கள் என்று கொன்று குவித்தவன். அடுத்த ஆண்டு, ரத்தம் காயாத அரண்மனையில் நின்று ஒரு கூத்தாடி நீ அரசனாக இல்லை என்று சொல்லியிருக்கிறான். வேஷம் கட்டியிருந்ததால்தான் அதைச் சொல்ல முடிந்தது, உயிரோடு போகவும் முடிந்தது என்று நினைக்கிறேன். 1506இல் யோன்சானையே பதவியிலிருந்து இறக்கித் தீவுக்கு அனுப்பிவிட்டார்கள், அங்கேயே அந்த ஆண்டே செத்தான்.

இந்த ஒற்றைக் குறிப்பை வைத்து கிம் தே வூங் ஒரு நாடகம் எழுதினார். 2000இல் மேடையேறிய அதன் பெயர் ‘யி’. தனக்கு மிகவும் பிடித்த கீழாளை அரசன் கூப்பிடும் ஒரு ‘நீ’ அது. நாடகத்தில் அரசனுக்கும் கோங்கிலுக்கும் உள்ள உறவு வெளிப்படையானது, கோங்கில் அதிகாரத்தை ருசி பார்த்தவன், காய் நகர்த்துகிறவன். இயக்குநர் லீ ஜுன் இக்கும் திரைக்கதை எழுதிய சோய் சோக் ஹ்வானும் அந்தத் தராசைத் தூக்கி வேறு பக்கம் வைத்தார்கள். கோங்கிலின் கூட்டாளி ஜாங்சேங்கை முன்னால் கொண்டுவந்தார்கள். அரசன், கோங்கில் என்ற இரண்டு பேர் கதை மூன்று பேர் கதை ஆனது. என் பார்வையில் படத்தின் எல்லாப் பலமும் இந்த ஒரு முடிவிலிருந்து வருகிறது.

கூத்தாடி என்ற சொல்

கொரிய மொழியில் இவர்களை ‘குவாங்தே’ என்பார்கள். நமக்குக் கூத்தாடி என்ற சொல் எப்படியோ அப்படி: தொழிலின் பெயரும் அதுதான், வசையும் அதுதான். படத்தில் வருவது ‘நாம்சாதாங்’ வகைக் குழு, முழுக்க ஆண்கள். வரலாற்றுக் கண்ணோடு பார்த்தால் நாம்சாதாங் குழுக்கள் ஜோசான் காலத்தின் பிற்பகுதியைச் சேர்ந்தவை, 1500களில் அவற்றை வைப்பது காலப் பிசகு. படம் அதைத் தெரிந்தேதான் செய்திருக்க வேண்டும்.

ஊர் ஊராகப் போய் மேளம், தட்டுச் சுழற்றல், குட்டிக்கரணம், கயிற்று நடை, முகமூடிக் கூத்து, பொம்மலாட்டம் என்று ஆறு வித்தை காட்டுவார்கள். கயிற்று நடைக்கு அவர்கள் வழக்கில் உள்ள பெயருக்குப் பனிக்கட்டி என்று பொருள் சொல்கிறார்கள். உறைந்த தண்ணீர் மேல் கால் வைக்கிற மாதிரி வைக்க வேண்டுமாம். தென் கொரியா 1964இல் இந்தக் கலையைத் தேசியச் சொத்தாக அறிவித்தது, 2009இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. ஆனால் உயிரோடு இருந்த காலத்தில் இவர்களுக்கு ஊருக்குள் நுழையவே அனுமதி கேட்க வேண்டும். குழுவில் புதிதாகச் சேர்பவர்களுக்குப் பெண் உடை. ஆட்டம் முடிந்த பிறகு ஊர்ப் பெரிய மனிதன் கை காட்டுகிற ஆளைத் தலைவன் அனுப்பி வைப்பதும் நடந்தது. சோற்றுக்கும் படுக்க இடத்துக்கும் கொடுத்த விலை அது. குழுவுக்குள்ளேயே ஆணும் ஆணும் ஜோடியாக வாழ்ந்ததையும் நாட்டார் வழக்காறு படிப்பவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

படம் இங்கேயிருந்துதான் தொடங்குகிறது. ஆட்டம் முடிகிறது, பெண் வேஷக்காரன் கோங்கிலை ஊர்ப் பிரபு கேட்கிறார், தலைவன் சரி என்கிறான், ஜாங்சேங் குறுக்கே நிற்கிறான். அடி விழுகிறது. இரண்டு பேரும் தப்பி ஓடும்போது துரத்தி வந்த தலைவன் ஜாங்சேங்கை ஒரேயடியாக முடமாக்கப் பார்க்க, அதுவரை குனிந்த தலை நிமிராத கோங்கில் அவனைக் கொன்றுவிடுகிறான். இந்தக் காட்சியை நிறையப் பேர் கதை தொடங்குவதற்கான சாக்காக எடுத்துக்கொண்டு தாண்டிப் போகிறார்கள். எனக்கு இது மிக முக்கியம். தன்னை விற்றபோது கோங்கில் கையை ஓங்கவில்லை, ஜாங்சேங்கின் காலுக்கு ஆபத்து என்றதும் ஓங்கினான்.

படம் எப்படிப் பேசுகிறது

தப்பித்த பிறகு ஒரு மலைச்சரிவில் இரண்டு பேரும் குருடர் விளையாட்டு விளையாடுவார்கள். பார்வை இல்லாத இரண்டு பேர் ஒருவரையொருவர் தேடுகிற பழைய வேடிக்கை ஆட்டம். கையில் ஆளுக்கொரு கோல், கண்ணை மூடிக்கொண்டு, நீ அங்கே இருக்கிறாயா, நான் இங்கே இருக்கிறேன் என்று கூப்பிட்டுக்கொண்டே தொடாமல் தாண்டித் தாண்டிப் போய், கடைசியில் மோதிக் கட்டிக்கொள்வார்கள். சிரிப்பு வரும் காட்சிதான். ஆனால் கட்டிக்கொண்டது இரண்டு குருடர்களா இவர்களா என்பது நமக்குத் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.

‘நான் இங்கே இருக்கிறேன், நீ அங்கே இருக்கிறாய்’ என்ற அந்த வரிக்காகவே ஒரு நாடகாசிரியர் தன் நாடகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று நீதிமன்றம் போனார். அன்றாடம் யாரும் பேசும் சாதாரணச் சொற்கள் இவை என்று சொல்லி நீதிமன்றம் அவர் கேட்ட தடையைத் தரவில்லை. சாதாரணச் சொற்கள்தான், சந்தேகமில்லை. படத்தில் காதல் என்ற சொல்லுக்குப் பதிலாக நிற்பவை இவை மட்டும்தான்.

தலைநகர் ஹான்யாங் வந்து, யுக்காப் என்ற உள்ளூர்க் கூத்தாடியையும் அவன் ஆட்களையும் சேர்த்துக்கொண்டு, அரசனையும் அவன் ஆசைநாயகி நோக்சுவையும் கிண்டல் செய்து தெருவில் ஆடுகிறார்கள். காசு கொட்டுகிறது. அரண்மனை ஆட்கள் பிடித்துப் போகிறார்கள். அரசன் சிரித்துவிட்டால் அது அவமதிப்பு இல்லைதானே என்று ஜாங்சேங் பேரம் பேசுகிறான். அரசன் முன்னால் ஆடும்போது எல்லோருக்கும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது, கோங்கில்தான் அந்த நேரத்தில் கதையை வேறு பக்கம் திருப்பி அவனைச் சிரிக்க வைக்கிறான். அந்தச் சிரிப்போடு அரசன் பார்வை கோங்கில் மேல் விழுந்துவிடுகிறது. அதற்கப்புறம் ராத்திரி ராத்திரி அரசன் கோங்கிலைக் கூப்பிட்டு அனுப்புவதும், விரல் பொம்மைகளை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் விளையாடுவதும், வெளியில் ஜாங்சேங் காத்துக்கிடப்பதும்.

படத்தில் ஆணுக்கும் ஆணுக்கும் நடுவில் ஒரே ஒரு முத்தம். அது அரசன் கொடுப்பது. அதனால் வெளியானபோதும் இன்றைக்கும் பலர், தன்பாலீர்ப்பு என்றால் அரசன் பகுதிதான், ஜாங்சேங்குக்கும் கோங்கிலுக்கும் இருப்பது நட்பு, சகோதர பாசம் என்று எழுதுகிறார்கள். எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. அரசன் கோங்கிலிடம் தேடுவது செத்துப்போன அம்மாவை. கோங்கில் அரண்மனை மேடையில் விஷம் குடிக்கும் அரசியாக வேஷம் கட்டி விழும்போது யோன்சான் ஓடிவருவது அம்மாவைப் பார்க்கத்தான். அந்த நாடகம் முடிவதற்குள் தகப்பனின் ஆசைநாயகிகளை அவையிலேயே வெட்டிவிடுகிறான். கோங்கில் அவன் மேல் வைப்பது இரக்கம். ஜுங் ஜின் யங் அந்த அரசனை அத்தனை பரிதாபமாக நடித்திருக்கிறார் என்பதால் இரக்கம் நமக்கும் வருகிறது.

ஜாங்சேங் செய்வதைப் பாருங்கள். தூங்கும்போது கோங்கில் மேலிருந்து நழுவிய போர்வையை இழுத்துப் போர்த்திவிடுகிறான். அவ்வளவுதான், வேறு எதுவும் இல்லை, பார்த்துக்கொண்டுகூட இருக்கவில்லை. வெளியேறிவிடலாம் வா என்கிறான், கோங்கில் தயங்குகிறான். நோக்சு பொறாமையில் கோங்கிலின் கையெழுத்து மாதிரி எழுதவைத்து அரசனைப் பழிக்கும் சுவரொட்டிகளை ஒட்டவிட்டு அவனை மாட்டவைக்கும்போது, எழுதியது நான் என்று ஜாங்சேங் முன்னால் வருகிறான். அவனுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்ததே நான்தான், கையெழுத்து ஒன்றாகத்தான் இருக்கும் என்கிறான். எனக்கு இந்த இடம் ஒவ்வொரு தடவையும் தொண்டையில் நிற்கும். இரண்டு பேருக்கும் ஒரே கையெழுத்து. எத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அப்படி ஆகும்! அதை அவன் தன் தலை போவதற்கான சாட்சியாகக் கொடுக்கிறான்.

அரசன் அவன் கண்களைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடச் சொல்கிறான். விளையாட்டுக் குருடன் நிஜக் குருடன் ஆகிறான். கோங்கில் அரசன் முன்னால் பொம்மை ஆட்டிக்கொண்டே தன் மணிக்கட்டை அறுத்துக்கொள்கிறான், காப்பாற்றிவிடுகிறார்கள்.

இனி கடைசிக் காட்சி. கண் போன ஜாங்சேங் கையில் விசிறியோடு அரண்மனை முற்றத்துக் கயிற்றில் ஏறுகிறான். கூத்தாடியின் வாடிக்கையான உரத்த குரலில், கூட்டத்துக்குக் கதை சொல்கிற பாணியில், தான் எத்தனை தடவை குருடானேன் என்று சொல்கிறான். சின்ன வயதில் முதல்முதலாகக் கூத்துக் குழுவைப் பார்த்து அந்தத் தாளத்தில் கண் போயிற்று. கூத்தாடியான பிறகு எவனோ ஒரு கூத்தாடிப் பயலோடு ஜோடி சேர்ந்து ஆடுகிற குஷியில் கண் போயிற்று. ஹான்யாங் வந்ததும் தெருவில் விழுந்த சில்லறையில் கண் போயிற்று. இப்படிப் பார்வை கெட்டுப்போனதால் பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை, எவனோ ஒரு பயல் அவன் மனதைத் திருடிக்கொண்டு போனதைப் பார்க்கவில்லை, அந்த மனது தூரமாகப் போனதைப் பார்க்கவில்லை. இப்போது நிஜமாகவே கண் போனதும் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது.

மனதைத் திருடிய பயல் எதிரே சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறான். இதைவிட வெளிப்படையாக ஒரு ஆண் இன்னொரு ஆணைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? பேச்சு முழுவதும் வேடிக்கைப் பேச்சின் மெட்டில் இருக்கிறது, சிரிக்க வேண்டிய இடத்தில் இடைவெளி விடுகிறான், யாரும் சிரிக்கவில்லை. ஜாங்சேங்காக நடித்த காம் வூ சங் அந்த மெட்டைக் கடைசிவரை விடவேயில்லை. அழுதிருந்தால் கெட்டுப்போயிருக்கும்.

கோங்கில் ஓடிவந்து கயிற்றின் மறுமுனையில் ஏறுகிறான். ஏறியதும் அவனும் வேஷக் குரலுக்குப் போய்விடுகிறான். மறுபடி பிறந்தால் என்னவாகப் பிறப்பாய், பிரபுவாகவா என்கிறான். வேண்டாம். அரசனாகவா? அதுவும் வேண்டாம், கூத்தாடியாகத்தான். கூத்தாடி உயிரை விட்டும் இன்னும் கூத்தாடியா என்று கேட்கிறான். சரி, நீ என்னவாகப் பிறப்பாய் என்று ஜாங்சேங் திருப்பிக் கேட்கும்போது கொரிய மொழியில் பெண்ணை வைவதற்கான ‘நீ’யைப் போடுகிறான். தமிழில் சொன்னால் ‘டா’ போட வேண்டிய இடத்தில் ‘டீ’. மேடையில் கோங்கில் எப்போதும் பெண் வேஷம், ஆகவே அது மேடை வழக்கு. ஆனால் இந்த நேரத்தில், இருக்கிற உயிரெல்லாம் சேர்த்து அவன் அதைச் சொல்லும்போது அது செல்லமாகக் கூப்பிடுவது போலத்தான் என் காதில் விழுகிறது. துணை எழுத்துகளில் இது போய்விடுகிறது, பெரிய இழப்பு. கோங்கிலின் பதில், கேட்கவே வேண்டாம், கூத்தாடிதான்.

வெளியில் நடந்தது

முதல் வாரக் கூட்டத்தைவிட அடுத்தடுத்த வாரக் கூட்டம் நின்று நிதானமாக ஏறியது. பார்த்தவர்கள் மறுபடி பார்த்தார்கள், அம்மாவைக் கூட்டிப் போனார்கள். 15 வயதுக்கு மேல் யாரும் பார்க்கலாம் என்ற சான்றிதழ் பெரிய உதவி. குடியரசுத் தலைவர் ரோ மூ ஹியூன் படம் பார்க்கப் போனதும் செய்தியானது. அந்த ஆண்டின் தேஜோங் விருதுகளில் சிறந்த படம், இயக்குநர், நடிகர் எல்லாம் இதற்குத்தான், ஆஸ்கருக்கும் நாட்டின் சார்பில் இதையே அனுப்பினார்கள்.

அதே நேரத்தில்தான் திரையரங்குகள் கொரியப் படங்களை ஆண்டுக்கு 146 நாள் கட்டாயம் போட வேண்டும் என்ற விதியை 73 நாளாகக் குறைக்க அரசு முடிவு செய்தது, அமெரிக்காவோடு வர்த்தகப் பேச்சு நடக்க வேண்டியிருந்தது. உள்ளூர்ப் படம் சொந்தக் காலில் நிற்கிறதே என்ற வாதத்துக்கு இந்தப் படத்தின் வசூலே கையில் கிடைத்த ஆதாரம். திரைத்துறையினர் தெருவில் நின்றார்கள். கோங்கிலாக நடித்த லீ ஜூன் கி, குடியரசுத் தலைவர் பங்கேற்ற ஓர் உரையாடல் நிகழ்ச்சியில் இதைப் பற்றி நேராகவே கேட்டார். சில மாதம் முன்புவரை பெயரே தெரியாத 23 வயதுப் பையன்.

அவரைச் சுற்றி எழுந்த அலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பூப் போன்ற ஆண் என்று பொருள்படும் ‘கோன்மினாம்’ என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது, இந்தப் படத்தோடு அது எல்லா வீட்டுக்குள்ளும் போய்விட்டது. ஒரு மாதுளைச் சாற்று விளம்பரத்தில் அவர் பாடி ஆடியது ஊரெல்லாம் ஓடியது. ஆணின் அழகைப் பற்றி வெட்கப்படாமல் பேச ஒரு வழி திறந்தது உண்மை. அதே சமயம் காதலைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் பத்திரிகைகள் முகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தன. கோங்கில் பெண்ணைப் போல இருந்ததால் பார்ப்பவர்கள் மனதுக்குள் அவனைப் பெண்ணாக்கிக்கொண்டு, ஆண் பெண் கதை போல இதைப் பார்த்துவிட்டுப் போக முடிந்தது. இது நிஜமான குறை, படத்தின் மேல் எனக்கு இருக்கும் பிரியத்தால் இதை மூடி மறைக்க மாட்டேன். லீ ஜூன் கியும் அந்த ஒரே முகத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று அடுத்தடுத்து முரட்டு வேஷங்களைத் தேடிப் போனார்.

2006 மார்ச்சில், இரண்டு ஆண்களின் காதலைச் சொன்ன ஹாலிவுட் படம் ‘புரோக்பேக் மவுண்டன்’ கொரியாவில் வெளியானபோது எல்லோரும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசினார்கள். லீ ஜுன் இக் வெளிநாட்டு நிருபர்களிடம், மேற்கில் தன்பாலீர்ப்பு என்று சொல்லப்படுவது வேறு, தன் படத்தில் இருப்பது வேறு என்ற ரீதியில் பேசினார். கூத்தாடிகளிடையே இருந்த ஒரு வழக்கமாக அவர் அதைப் பார்த்தார். வரலாற்றை வைத்துப் பார்த்தால் அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஜோசான் கூத்தாடி தன்னை இன்றைய சொல்லால் அழைத்துக்கொண்டிருக்க மாட்டான். ஆனால் வழக்கம் என்று சொல்லிவிட்டால் பிரபுவின் வீட்டுக்கு அனுப்பப்பட்டதும் வழக்கம், ஜாங்சேங் கண்ணைக் கொடுத்ததும் வழக்கம் என்று ஒரே தட்டில் வந்துவிடும். முதலாவதை எதிர்த்துத்தான் அவன் ஊரைவிட்டே ஓடினான். இயக்குநர் எடுத்த படம் இயக்குநர் பேசியதைவிடத் துணிச்சலானது என்றுதான் நான் சொல்வேன். சீனாவின் தணிக்கை அதிகாரிகளுக்கு எந்தக் குழப்பமும் இருக்கவில்லை. ஆண் காதலையும் கொச்சைப் பேச்சையும் காரணம் காட்டித் திரையரங்குகளில் அனுமதி மறுத்தார்கள், டிவிடியாக மட்டும் விற்க முடிந்தது.

அப்புறம் கொரியாவில் என்ன மாறியது? 2006 நவம்பரில் லீசோங் ஹீ இல், தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்ட இயக்குநர், ‘நோ ரிக்ரெட்’ படத்தை வெளியிட்டார். சின்ன முதலீட்டுப் படம், அந்த அளவுக்கு நன்றாகவே ஓடியது. 2008இல் ‘எ ஃப்ரோஸன் ஃப்ளவர்’ ஒரு பழைய அரசனையும் அவன் மெய்க்காவலனையும் பற்றி, எதையும் மறைக்காமல், பெரிய நட்சத்திரங்களோடு வந்தது. வேலையிழந்திருந்த ஹோங் சோக் சோன் மெல்லத் தொலைக்காட்சிக்குத் திரும்பினார். ஆனால் 2007இல் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்துக்கு அரசு வரைவு தயாரித்தபோது பாலீர்ப்பு என்ற சொல்லை அதிலிருந்து எடுத்துவிட்டார்கள், அந்தச் சட்டமும் நிறைவேறவில்லை. 1 கோடியே 23 லட்சம் டிக்கெட் வாங்கிய நாடு இது. கயிற்றின் மேல் நின்று வேஷக் குரலில் சொன்னால் கேட்டு அழுவார்கள், தரையில் நின்று சொந்தக் குரலில் சொன்னால் கேட்கத் தயாராக இல்லை. படம் தேர்ந்தெடுத்த வழிக்கு இது ஒரு விலை. வேறு வழியில் எடுத்திருந்தால் இத்தனை பேர் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். 2002இல் வந்த ‘ரோட் மூவி’ நேராகவே பேசியது, கூட்டம் வரவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது மனது ஒரு பக்கமாக நிற்கமாட்டேன் என்கிறது.

கயிற்று நடைக் காட்சிகளில் காம் வூ சங்குக்காகக் கயிற்றின் மேல் நடந்தவர் குவோன் வோன் தே என்ற நிஜமான கயிற்றுக் கலைஞர். உயரத்திலிருந்து உட்கார்ந்து எழும்பும் அந்த உதறலில் கயிறு எப்படி அமிழ்ந்து மேலே வருகிறது என்று கவனித்துப் பாருங்கள். கடைசிக் காட்சியில் கலகக்காரர்கள் அரண்மனைக் கதவை உடைத்துக்கொண்டு வருவார்கள், அரசனும் நோக்சுவும் அப்படியே உட்கார்ந்திருப்பார்கள், கயிற்றின் இரண்டு முனையிலிருந்தும் இவர்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் எழும்புவார்கள். கால் கயிற்றை விட்டுப் போன நிலையில் படம் அப்படியே உறைந்து நிற்கும். கீழே விழுவதை நாம் பார்ப்பதில்லை. அதற்கப்புறம் வெயில் அடிக்கிற ஒரு மலைப்பாதை. அரண்மனை வேட்டையில் கோங்கிலுக்குக் குறுக்கே பாய்ந்து அம்பு வாங்கிச் செத்த யுக்காப் தன் ஆட்களோடு ஆடிக்கொண்டு போகிறான். ஜாங்சேங் கண்ணோடு இருக்கிறான், கோங்கில் பக்கத்தில் நடக்கிறான், மேளம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.